பாட்டியும் நாலு வயதுப் பையனும் நிம்மதியாகத் தூங்க: கேம்ப் சைட்டைத் தேர்வது எப்படி

கேள்வி இதுதான். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் வசிக்கும் குடும்பம். 9 வயதில் மகள், 4 வயதில் மகன். ஜூலையில் மதுரையிலிருந்து அம்மா வருகிறார். வயது 66, முழங்கால் வலி உண்டு. வீட்டில் யாரும் இதுவரை கூடாரத்தில் படுத்ததில்லை. முதல் கேம்ப்பிங்குக்கு யோசமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகலாமா? வேண்டாமென்றால் எங்கே போவது, இடத்தை எதைப் பார்த்துத் தேர்வது?

முதல் தடவைக்கு யோசமிட்டி வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தட்ட 4 மணி நேரப் பயணம். முதல் இரவு சரிவரவில்லை, பையன் அழுகிறான், அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை என்றால் நள்ளிரவில் மூட்டை கட்டித் திரும்ப முடியாது. பள்ளத்தாக்கில் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகளில் குளியல் அறையும் கிடையாது. குளிக்க வேறு இடத்துக்குப் போக வேண்டும். அங்கே கரடி உண்டு என்பதால் சாப்பாடு, டூத்பேஸ்ட், சோப்பு, பையனின் பிஸ்கட் பொட்டலம் வரை எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும், காரில்கூட விடக் கூடாது. பழகியவர்களுக்கு இது சுலபம். முதல் முறை போகிறவர்களுக்கு இதுவே முழுநேர வேலையாகிவிடும். இரண்டு முறை பக்கத்தில் போய்ப் பழகிவிட்டு மூன்றாவதாக யோசமிட்டி போங்கள்.

என் கணக்கு எளிது. முதல் இடம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், தங்குவது இரண்டு இரவாக இருக்க வேண்டும். ஒரே இரவு என்று பலர் திட்டம் போடுகிறார்கள். முதல் இரவு யாருமே சரியாகத் தூங்குவதில்லை. புது இடம், புதுச் சத்தம், காற்று மெத்தை. இரண்டாம் இரவில்தான் குழந்தைகள் அடித்துப் போட்டது போல் தூங்குவார்கள், பெரியவர்களுக்கும் 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று தோன்றும். ஒரு இரவோடு திரும்பிவிட்டால் மோசமான இரவு மட்டுமே நினைவில் நிற்கும்.

இனி முக்கியமான விஷயம். எல்லோரும் பார்க்கைத் தேர்ந்தெடுப்பதில் மணிக்கணக்காகச் செலவிடுகிறார்கள். கடலா, ரெட்வுட் காடா, ஏரியா என்று பார்த்துப் பார்த்து முடிவு செய்துவிட்டு, புக் செய்யும்போது காலியாக இருக்கிற ஏதோ ஒரு சைட் (கேம்ப்கிரவுண்டுக்குள் ஒரு குடும்பம் கூடாரம் போடும் இடம்) எண்ணை அமுக்கிவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் குடும்பத்தோடு படுக்கப் போவது அந்த எண்ணில்தான். ஒரே கேம்ப்கிரவுண்டில் ஒரு சைட்டில் நிழலும் சமதரையுமாக இருக்கும், இரண்டு எண் தள்ளிச் சாய்வும் தூசியும் வண்டி வெளிச்சமுமாக இருக்கும். அழகான காட்சியைக் காரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தூக்கத்தை அப்படிப் போய்ப் பெற முடியாது.

அதனால் நான் எந்த சைட்டையும் இரவு 2 மணியை மனதில் வைத்துத்தான் பார்ப்பேன். இரவு 2 மணிக்கு அம்மாவுக்கும் பையனுக்கும் பாத்ரூம் போக வேண்டும். கையில் டார்ச். வழி எப்படி இருக்கிறது? எவ்வளவு தூரம்? ஏற்றமா, வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கிற பாதையா, தார்ச் சாலையா?

இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். எங்கள் முதல் கேம்ப்பிங்கில் மகளுக்கு மூன்று வயது, என் மாமியாரும் உடன் வந்திருந்தார். படங்களில் ஆறு அழகாகத் தெரிந்தது என்பதற்காக ஒரு சைட்டைப் பிடித்தோம். ரெஸ்ட்ரூம் மேட்டின் மேல் இருந்தது. அந்த ஓர் இரவில் ஐந்து தடவை ஏறி இறங்கினோம். அத்தை வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் மாலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். அதைக் கவனித்தபோது எனக்கு மனது மிகவும் கஷ்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு பெரியவர்கள் வரும் பயணம் என்றால் நான் முதலில் தேடுவது ரெஸ்ட்ரூமைத்தான்.

எவ்வளவு பக்கம் இருக்கலாம் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. நேர் எதிரே இருக்கும் சைட் வேண்டாம். இரவு முழுக்கக் கதவு அடிக்கும், விளக்கு கூடாரத்துக்குள் விழும், காற்று திரும்பினால் வாடை வரும், பின்னால் இருக்கிற சைட்காரர்கள் உங்கள் இடத்தின் குறுக்கே நடந்து போவார்கள். மூன்று நான்கு சைட் தள்ளி, ரெஸ்ட்ரூமுக்கு நேர் பாதை இருக்கிற எண்தான் சரி. எந்த வகைக் கழிவறை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய வனத்துறைக் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் தண்ணீர் இல்லாத குழிக் கழிவறைதான். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பெரிய சங்கடம். கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்குகளில் பெரிய கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் ஃப்ளஷ் டாய்லெட்டும் வெந்நீர்க் குளியலும் உண்டு. முதல் பயணத்துக்கு நான் ஸ்டேட் பார்க்கைச் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

இரண்டாவதாக, தலைக்கு மேல் பாருங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 2015 ஆகஸ்டில் யோசமிட்டியின் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில் விடிகாலையில் ஓக் மரக் கிளை ஒன்று முறிந்து கூடாரத்தின் மேல் விழுந்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பதின்வயதுப் பிள்ளைகள் இருவர் இறந்துபோனார்கள். கிளை முறியப் புயல் அடிக்க வேண்டியதில்லை. கோடையில் ஓக் மரங்கள் காற்றே இல்லாதபோதும் பெரிய கிளைகளை உதிர்ப்பதுண்டு. அதோடு 2012இல் தொடங்கிய நீண்ட வறட்சியிலும் அதன் பின் வந்த பட்டை வண்டுகளிலும் கலிஃபோர்னியாவில் 10 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் செத்தன. பழுப்பு நிற ஊசிகளோடு நிற்கும் பைன், இலையே இல்லாத கிளை, பாதி முறிந்து இன்னொரு கிளையில் தொங்கும் மரத்துண்டு, இவற்றின் கீழே கூடாரம் போடாதீர்கள். சைட்டுக்குள்ளேயே பத்தடி தள்ளிப் போட்டாலும் பெரிய வித்தியாசம். நிழல் வேண்டுமானால் மேசையும் நாற்காலியும் மரத்தடியில் இருக்கட்டும்.

மூன்றாவது தண்ணீர். ஆற்றங்கரை சைட்டுகளுக்குத்தான் எப்போதும் போட்டி அதிகம். 6 வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வரை நான் அவற்றை எடுப்பதில்லை, உங்களுக்கும் அதையே சொல்வேன். மே, ஜூனில் சியெரா மலைப் பனி உருகி வரும் ஆறு பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் தண்ணீர் உறைய வைக்கும் குளிர்ச்சி, அடியில் இழுப்பு பலம். நீங்கள் அடுப்பு பற்ற வைக்கக் குனியும் நேரத்தில் நாலு வயதுப் பையன் கரைக்குப் போய்விடுவான். இரண்டு நாளும் ஒருவர் அவன் பின்னாலேயே நிற்க வேண்டியதுதான், அது விடுமுறையாக இருக்காது.

கலிஃபோர்னியாவில் கோடை மழை அபூர்வம் என்பதால் இங்கே இரவு வெள்ள பயம் குறைவு. இதைப் படிக்கிற டெக்சஸ், ஆர்கன்சா பக்கத்து நண்பர்களுக்கு அப்படியில்லை. 2010 ஜூன் 11 விடிகாலையில் ஆர்கன்சாவின் ஆல்பர்ட் பைக் கேம்ப்கிரவுண்டில் லிட்டில் மிசூரி ஆறு பெருகி, தூங்கிக்கொண்டிருந்த 20 பேரைக் கொண்டுபோனது. 2025 ஜூலை 4 அன்று டெக்சஸின் குவாதலூப் ஆற்றில் வந்த வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகாமில் இருந்த சிறுமிகளும் அதில் அடக்கம். இரண்டுமே எல்லோரும் உறங்கும் நேரத்தில் வந்தவை. குறுகலான மலைப் பள்ளத்தாக்கில், செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில், ஆற்றுக்குச் சமமான மட்டத்தில் இருக்கும் சைட்டை எந்த அழகுக்காகவும் எடுக்காதீர்கள். மேட்டில் இருக்கும் லூப்பை, அதாவது சைட்டுகள் வரிசையாக அமைந்த வளையச் சாலையை, பாருங்கள். யோசமிட்டியிலேயே 1997 ஜனவரி வெள்ளத்தில் ஆற்றோரக் கேம்ப்கிரவுண்டுகள் சேதமாகி, அப்பர் ரிவர், லோயர் ரிவர் இரண்டையும் மூடிவிட்டார்கள். ஆற்றுக்குத் தன் இடம் எது என்று தெரியும்.

கலிஃபோர்னியாவில் நாம் அதிகம் யோசிக்க வேண்டியது தீ. 2020 செப்டம்பர் 5, லேபர் டேயை ஒட்டிய வார இறுதி விடுமுறை. சியெரா தேசிய வனத்தில் மாமத் பூல் நீர்த்தேக்கத்தின் ஓரம் கேம்ப்பிங் செய்தவர்களுக்கு வெளியே போக இருந்த சாலையைக் க்ரீக் ஃபயர் என்ற காட்டுத்தீ அடைத்துவிட்டது. தேசியக் காவல் படை ஹெலிகாப்டர்கள் புகைக்குள் இறங்கி 200க்கும் மேற்பட்டோரை ஏற்றி வந்தன. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை, ஒரே ஒரு நீண்ட மலைச்சாலை மட்டும் உள்ள இடங்களுக்கு நான் குழந்தைகளோடு போவதில்லை. அந்த மாதங்களில் கடலோரம் போதும். வரைபடத்தைத் திறந்து, கேம்ப்கிரவுண்டிலிருந்து பெரிய சாலைக்கு எத்தனை வழி, எத்தனை மைல் என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

அடுத்தது உயரம். மதுரையிலிருந்து வருகிற அம்மாவுக்கு இது மிக முக்கியம். தோராயமாக 1000 அடி ஏறினால் 3.5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். யோசமிட்டிப் பள்ளத்தாக்கு 4000 அடியில் இருக்கிறது. அதே பார்க்கில் துவாலமி மெடோஸ் 8600 அடியில், கொடைக்கானலைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஜூலையிலும் அங்கே சில இரவுகளில் உறைபனி விழும். ஒரே பெயரில் ஒரே பார்க் என்று நினைத்துப் புக் செய்துவிட்டு மெல்லிய போர்வையோடு போனவர்களை எனக்குத் தெரியும். உயரமான இடங்களில் பனி உருகிய கையோடு, ஜூன் கடைசியிலும் ஜூலையிலும், கொசு மொய்க்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களோடு போகும்போது 5000 அடிக்குக் கீழே இருந்துவிடுவது நல்லது.

கடலோரம் என்றால் வெயில் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். மான்டரே விரிகுடாப் பக்கம் ஜூலைக் காலைகள் பெரும்பாலும் மூடுபனிதான், சூரியன் எட்டிப் பார்க்கப் பதினொரு மணியாகலாம். அம்மாவுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம்.

சத்தம் பற்றி ஒன்று. கடலோரக் கேம்ப்கிரவுண்டுகள் பல பழைய ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கின்றன. தெற்கே கார்ப்பின்டீரியாவில் தண்டவாளம் கேம்ப்கிரவுண்டை ஒட்டியே போகிறது. சான் ஓனோஃப்ரே பிளஃப்ஸ் ஐ-5 பிரீவேக்குப் பக்கத்திலேயே. உங்கள் பையனுக்கு ரயில் பிடிக்கும் என்றால் பகலில் அது கொண்டாட்டம்தான், இரவில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துகொள்வீர்கள். புக் செய்யும் தளத்தில் இருக்கும் படங்களில் சத்தம் தெரியாது. சாட்டிலைட் படத்தில் சாலையும் தண்டவாளமும் தெரியும், மரநிழல் எவ்வளவு என்பதும் தெரியும்.

லூப் வரைபடத்தையும் அப்படியே படிக்கலாம். வளையத்தின் உள்பக்க சைட்டுகளுக்கு நாலு பக்கமும் அக்கம்பக்கம். வெளிப்பக்க சைட்டுகளுக்குப் பின்னால் காடு. சாலை திரும்புகிற முனையில் இருக்கும் சைட்டில் ராத்திரி வந்து சேரும் ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் கூடாரத்தின் மேல் விழும். சைக்கிள் ஓட்டும் குழந்தைகள் இருந்தால் லூப்பின் கடைசி, வண்டிப் போக்குவரத்து குறைவான கோடிதான் சொர்க்கம். உங்கள் மகளுக்கு இது பொருந்தும்.

சரி, எங்கே? உங்களுக்கு என் முதல் பரிந்துரை கேபிடோலாவில் இருக்கும் நியூ பிரைட்டன் ஸ்டேட் பீச். நெடுஞ்சாலை 17 வழியாகப் போனால் நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள். கேம்ப்கிரவுண்டு கடலுக்கு மேலே மேட்டில், மரங்களுக்கு நடுவே. வெந்நீர்க் குளியல் உண்டு. கடற்கரைக்கு இறங்கப் படிகள் இருக்கின்றன. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் அம்மாவைக் காரில் கீழே உள்ள பார்க்கிங்குக்கு அழைத்துப் போய்விடலாம். ஏதாவது மறந்துவிட்டால் கடை பக்கத்திலேயே. நெடுஞ்சாலை 1க்கும் கடலுக்கும் இடையில் இருப்பதால், சாலையிலிருந்து தள்ளி இருக்கும் எண்களாகப் பாருங்கள். காட்டின் ஆழத்தில் இருப்பது போன்ற உணர்வு அங்கே வராது என்பது உண்மை. முதல் பயணத்துக்கு அது குறையே இல்லை.

ரெட்வுட் ஆசைக்கு ஃபெல்டனில் இருக்கும் ஹென்றி கவல் ஸ்டேட் பார்க். அங்கே ஒரு விஷயம் தெரிந்து போங்கள்: பெரிய ரெட்வுட் தோப்பு ஓரிடம், கேம்ப்கிரவுண்டு சில மைல் தள்ளி வேறிடம், அங்கே ஓக்கும் பைனும்தான். படத்தைப் பார்த்து ராட்சத மரத்தடியில் படுக்கப் போகிறோம் என்று வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தோப்பின் பாதை சமதளம், அம்மாவால் நடக்க முடியும்.

இரண்டாவது பயணத்துக்கு, தயங்காமல், கலவெராஸ் பிக் ட்ரீஸ் ஸ்டேட் பார்க். சுமார் மூன்று மணி நேரம், உயரம் 4700 அடி அளவில். நார்த் குரோவ் கேம்ப்கிரவுண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ராட்சத செக்வோயா மரங்கள். 1853இல் வெட்டி வீழ்த்திய ஒரு மரத்தின் அடித்துண்டு இன்னும் அங்கே இருக்கிறது. அந்தக் காலத்தில் அதன் மேல் நடனமே ஆடியிருக்கிறார்கள், அவ்வளவு அகலம். எங்கள் அத்தை அதன் மேல் ஏறி நின்று, 'இதை வெட்ட எப்படித்தான் மனசு வந்ததோ' என்று ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தைகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அதுதான்.

புக்கிங் பற்றிச் சுருக்கமாக. ஸ்டேட் பார்க்குகளுக்கு ரிசர்வ் கலிஃபோர்னியா தளம். வழக்கமாகப் போகும் தேதிக்கு ஆறு மாதம் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். நல்ல எண்கள் சில நிமிடங்களில் போய்விடும், அதனால் முந்தைய நாளே வரைபடத்தைப் பார்த்து ஐந்து எண்களை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்களுக்கும் வனத்துறைக்கும் ரெக்ரியேஷன் டாட் கவ். தவறவிட்டாலும் மனம் தளர வேண்டாம். பயணத்துக்கு முந்தைய வாரத்தில் நிறையப் பேர் ரத்து செய்கிறார்கள், காலியானால் தகவல் அனுப்பும் வசதி இருக்கிறது. வெள்ளி, சனி என்று பிடிவாதம் பிடிக்காமல் ஞாயிறு, திங்கள் இரவுகளைப் பார்த்தால் சைட்டும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும்.

நண்பர்கள் குடும்பத்தோடு சேர்ந்து போவதானால் ஆள் கணக்கைப் பாருங்கள். ஸ்டேட் பார்க்கில் சைட்டுக்கு 8 பேர், யோசமிட்டியில் 6 பேர். அடுத்தடுத்த இரண்டு எண்கள் எடுப்பது உத்தமம். இரவு 10 மணிக்கு மேல் அமைதி நேரம். நம் அந்தாக்ஷரி அதற்குள் முடிந்துவிட வேண்டும். அடுத்த கூடாரத்திலும் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

சமையலுக்காகவும் ஒன்று பார்க்க வேண்டும்: தண்ணீர்க் குழாய். ரொட்டியும் சாசேஜும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கேன் தண்ணீர் போதும். நாம் சாதம் வடித்து, ரசம் வைத்து, பாத்திரம் துலக்க அதைப் போல மூன்று மடங்கு வேண்டும். குழாய் பக்கம் இருந்தால் பாதி வேலை குறையும். ஆனால் குழாயடியில் பாத்திரம் கழுவக் கூடாது. வாளியில் பிடித்து வந்து கழுவி, அழுக்குத் தண்ணீரை அதற்கென்று உள்ள இடத்தில் ஊற்ற வேண்டும். முதல் நாள் இரவுக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போய்விட்டால் அடுப்பு மூட்டும் வேலையே இல்லை. மிச்சத்தை உடனே மூடி உள்ளே வையுங்கள். கரடி இல்லாத இடத்திலும் ரக்கூன் உண்டு, டப்பாவின் மூடியை அது கையாலேயே திறக்கும்.

கடைசியாக, போய்ச் சேரும் நேரம். ஸ்டேட் பார்க்கில் 2 மணியிலிருந்து உள்ளே விடுவார்கள். 4 மணிக்குள் போய்விடுங்கள். இருட்டில் கூடாரம் போட்டால் மேலே எது தொங்குகிறது, கீழே எது குத்துகிறது என்று எதுவும் தெரியாது. வண்டியிலிருந்து எதையும் இறக்குவதற்கு முன் சைட்டைச் சுற்றி வாருங்கள். செத்த கிளை இருக்கிறதா? மூன்று மூன்று இலையாக, பளபளப்பாக ஒரு செடி ஓரத்தில் இருக்கிறதா? அது பாய்சன் ஓக், தொட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டு முதலிலேயே காட்டிவிடுங்கள். தண்ணீர் தேங்கிய தடம் உள்ள பள்ளத்தைத் தவிருங்கள். தரை லேசாகச் சாய்ந்திருந்தால் தலை மேட்டுப் பக்கம் வரும்படி படுக்கையை அமையுங்கள். அம்மாவுக்குத் தரையில் மெத்தை வேண்டாம், மடக்குக் கட்டில் வாங்கிவிடுங்கள். நின்று உடை மாற்றும் உயரமுள்ள கூடாரம் இருந்தால் முழங்காலுக்குப் பெரிய உதவி.

அப்புறம், கூடாரத்தை விரிப்பதற்கு முன்பு, வெளிச்சம் இருக்கும்போதே அம்மாவைக் கையைப் பிடித்து ரெஸ்ட்ரூம் வரை ஒரு தடவை நடத்திக் கூட்டிப் போய்த் திரும்புங்கள். பையனும் கூட வரட்டும். திரும்பி வந்ததும் கூடார வாசல் எந்தப் பக்கம் இருந்தால் வசதி என்று அம்மாவிடமே கேட்டு, அவர் கை காட்டும் பக்கம் வாசலை வையுங்கள்.